நாலு விரற்கடை

செங்காந்தள் நிட்வேர்ஸின் தையல் கூடத்தில் 2056ஆம் வருடம் பனியன் தைத்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தம் முப்பத்தொரு பேர். அவர்களில் மதியம் தூக்குப்போசியைத் திறந்து சாப்பிடுகிற ஆள் கோகிலவாணி ஒருத்திதான். மிச்ச முப்பதும் எந்திரங்கள்.

இப்படி ஒற்றை ஆளோடு ஓடுகிற கம்பெனிகள் அப்போது திருப்பூரில் தெருவுக்கு இரண்டு இருந்தன. அந்த ஒற்றை ஆளுக்குச் சட்டத்தில் ‘சான்றாள்’ என்று பெயர். ஊருக்குள் அளவுக்காரி என்றார்கள். அளவுக்காரி என்றால் உள்ளங்கையில் வைத்துத் தாங்குவார்கள். கோகிலவாணியையும் தாங்கினார்கள், ஆனால் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டு தாங்கினார்கள்.

முதலாளி ரத்தினமூர்த்தி அவளுக்குச் சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். கண்ணை டெஸ்ட் செய்து தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். காலையில் இரண்டு அவித்த முட்டையும் ஒரு சொம்பு ராகிக் கூழும் அவர் வீட்டிலிருந்தே வந்தன. தெம்பாக இருந்து வேகமாகத் தைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

எந்திரங்களை வாடகைக்கு விட்டிருந்த ஆயிரங்கை நிறுவனத்தின் ஆள் இன்பராஜ், திருநெல்வேலிக்காரர். செவ்வாய்க்கிழமை தவறாமல் அல்வாப் பொட்டலத்தோடு வந்துவிடுவார். அவர் வாங்கிக் கொடுத்தது கழுத்துக்கு வைத்துக்கொள்ளும் தலையணை. “உடம்பப் பாத்துக்கிடுங்கக்கா. ரெண்டு பீஸுக்கு நடுவுல ஒரு மூச்சு இழுத்து விடுங்க, அவசரமே இல்ல,” என்பார். அவள் மெதுவாகத் தைத்தால் அவர் கம்பெனிக்கு லாபம்.

கோகிலவாணி முட்டையையும் தின்றாள், அல்வாவையும் தின்றாள். என்றைக்கும் தைக்கிற இருநூறு பனியனைத் தைத்துவிட்டு ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போனாள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் மூன்று வருடங்களுக்கு முன் வந்த சட்டம். எந்திரங்கள் லாரியில் வந்து இறங்கிய அன்று, தொழிலாளர் துறையின் அளவு அதிகாரி மெஹருன்னிசா கூடத்துக்கு வந்து அதை விளக்கினார். அப்போது அங்கே இருபத்தொன்பது பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

“மிஷின் வாடகையை அந்தக் கம்பெனி இஷ்டத்துக்குக் குறைச்சுட்டே போனா உங்களால போட்டி போட முடியாதும்மா,” என்றார் மெஹருன்னிசா. “அதனால, மிஷின் செய்யற அதே வேலையை அதே கூடத்துல ஒரு மனுஷராவது செய்யணும். அவங்க தைக்கிற ஒரு பனியனுக்கு என்ன கூலி விழுதோ, அதுல பத்துல ஒரு பங்கு குறைச்சு, மிஷின் தைக்கிற ஒவ்வொரு பனியனுக்கும் வாடகை. ஆறு மாசத்துக்கு ஒரு நாள் வந்து நான் அளப்பேன். அந்த அளவுதான் அடுத்த ஆறு மாசத்துக்கு.”

கணக்கு எளிது. நாள் கூலி இரண்டாயிரம், தைப்பது இருநூறு. பனியனுக்குப் பத்து ரூபாய் விழுகிறது. எந்திரத்துக்கு ஒன்பது ரூபாய். எந்திரம் ஒரு நாளில் ஆயிரம் தைக்கும், இடுப்பு வலிக்கிறது என்று சொல்லாது, அதனால் முதலாளிக்கு அதுவே லாபம்தான்.

“சட்டத்துல இன்னொரு வரியும் இருக்கு,” என்று மெஹருன்னிசா காகிதத்தைத் திருப்பினார். “எண்ணிக்கையில எது குறைச்சலோ அதுதான் அளவுகோல். மனுஷங்க அதிகமா இருந்து மிஷின் குறைச்சலா இருந்தா, மிஷினுக்கு ஆகற செலவை வெச்சு உங்க கூலி. பனியனுக்கு அதைவிடப் பத்துல ஒரு பங்கு கூட.”

வாசலில் முப்பது எந்திரங்கள் பெட்டி பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த வரியைக் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகம் சிரித்தவர் ரத்தினமூர்த்தி.

நிறுத்திக்கொள்ள வேண்டிய ஒரே ஆளாக அவர் கோகிலவாணியைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கூடத்தில் அவளைவிடக் கெட்டிக்காரத் தையல்காரி ஜோத்ஸ்னா. ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்குத் திருப்பூரிலேயே பிறந்தவள். ‘ஏனுங்க’ போட்டுப் பேசுவதில் உள்ளூர்க்காரர்களே அவளிடம் பாடம் கேட்க வேண்டும். ஆனால் ஜோத்ஸ்னா கூலி குறைந்தால் ஏன் என்று கேட்பாள். கோகிலவாணி கேட்கமாட்டாள். இது ரத்தினமூர்த்திக்குத் தெரியும், ஜோத்ஸ்னாவுக்கும் தெரியும், கோகிலவாணிக்கும் தெரியும். பதினாறு வருடம் ஒரே மேஜையில் போசியைப் பிரித்துச் சாப்பிட்ட ஜோத்ஸ்னா அன்று அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். அதற்குப் பிறகு சந்தையில் எதிரே பார்த்தாலும் வேறு கடைக்குத் திரும்பிக்கொண்டாள்.

கோகிலவாணிக்கு அது வலித்தது. கூடத்தில் பேச ஒரு நாதியில்லை. கடைசியில் அவள் பக்கத்தில் நின்ற பத்தொன்பதாம் நம்பர் எந்திரத்தோடு பேச ஆரம்பித்தாள். வெங்காய விலையிலிருந்து நாத்தனார் சண்டை வரைக்கும் அதனிடம் சொல்லியாகிவிட்டது. அதனிடம் ஒரு நல்ல குணமும் இருந்தது. அவள் கை பக்கத்தில் போனால் அது தையலின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு முழத்துக்குள் கை வந்தால் குறைக்கத் தொடங்கும். கிட்டக் கிட்டப் போகக் குறைந்துகொண்டே வந்து, ஒரு சாண் தூரத்தில் கால்வாசி வேகத்துக்கு வந்துவிடும். மனிதர் கையில் ஊசி ஏறிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது என்றும், யாராலும் அதை நிறுத்தி வைக்க முடியாது என்றும் இன்பராஜ் முதல் வாரமே சொல்லியிருந்தார். அவளுக்கென்னவோ அது காது கொடுத்துக் கேட்பதைப் போலத்தான் இருந்தது.

மூன்றாம் வருடம் ஆடியில் ரத்தினமூர்த்தி சாப்பாட்டு நேரத்தில் வந்து அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் பனியனுக்கு இரண்டு ரூபாய் குறைத்துவிட்டானாம். எந்திர வாடகை ஒன்பது ரூபாயிலேயே நிற்கிறதாம். இப்படியே போனால் தீபாவளிக்குக் கம்பெனியைப் பூட்டிச் சாவியை பேங்கில் கொடுக்க வேண்டியதுதானாம்.

“நீ ஒரு முன்னூறு தைச்சீன்னா வாடகை ஆறு ரூபாய்க்கு வந்துரும் அம்மிணி. அடுத்த மாசம் அளவு நாளு. உனக்கு என்ன வேணும்னாலும் கேளு, ஏசி போட்டுத் தரட்டுமா?”

கோகிலவாணி ரசச்சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். நாற்பத்திரண்டு வயதில் கை இதற்குமேல் வேகமாக ஓடாது. கம்பெனி பூட்டினால் அவளும் வெளியே. அந்த எண்ணத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்தது. அது வந்ததும் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள்.

“கைமடி ஆளு ஒண்ணு வேணுமுங்க,” என்றாள்.

ரத்தினமூர்த்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் பனியன் கம்பெனியிலேயே தவழ்ந்து வளர்ந்தவர், அவருக்கு விளக்க வேண்டியதில்லை. திருப்பூரில் எந்தக் காலத்திலும் தையல்காரி தனியாகத் தைத்ததில்லை. பக்கத்தில் ஒரு கைமடி உட்கார்ந்து, துணியை மடித்துக் கையில் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும். இரண்டு பேர் கைபட்ட பீஸ் முழுவதும் தையல்காரி பெயரில்தான் எழுதப்படும். கைமடிக்குக் கூலி தனி. எந்திரங்கள் வந்தபோது கைமடிகளையும் சேர்த்து அனுப்பிவிட்டதால், துணியை எடுப்பதும் மடிப்பதும் நூலை வெட்டுவதுமாகக் கோகிலவாணியின் பாதி நாள் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடமாக முட்டை வாங்கிக் கொடுத்தவருக்கு இது தோன்றவில்லை.

“நாளைக்கே ஒரு ஆளைப் போடறேன்.”

“ஜோத்ஸ்னா வந்தாத்தானுங்க. வேற ஆளு வேண்டாமுங்க.”

வாழ்க்கையில் அவள் முதலாளியிடம் போட்ட முதல் நிபந்தனை அது. சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது.

ஜோத்ஸ்னா ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கோகிலவாணி போய் நின்று விஷயத்தைச் சொன்னதும், அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே பதில் வந்தது.

“உன்ற பக்கத்துல உக்காந்து நான் கை மடிக்கோணுமா?”

கோகிலவாணி அவமானத்தைப் பொறுத்துக்கொண்டாள். நியாயம் முழுசாகத் தன் பக்கம் இல்லை என்பது அவளுக்கே தெரியும். ஒரு கரண்டியை எடுத்துத் தானும் தேய்க்க உட்கார்ந்தாள்.

“ஒரு கைமடி வந்தா வாடகை பாதியாவுது. அதைப் பாத்தா அந்த மனுசன் சும்மா இருப்பாரா? இன்னொண்ணு கேப்பாரு. அப்பறம் இன்னொண்ணு. முன்னால நீ உள்ள வா. பொறகால ஒவ்வொருத்தரா எல்லாரையும் கொண்டாந்தரலாம்.”

ஜோத்ஸ்னா தலையை வெளியே எடுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கோகிலவாணியைக் கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனாலும் இரண்டு நாள் காக்க வைத்துத்தான் வந்தாள்.

அளவு நாளன்று மெஹருன்னிசா எண்ணி முடித்தபோது நானூறு பனியன். வாடகை ஒன்பதிலிருந்து நாலரைக்கு இறங்கியது. முப்பது எந்திரம், ஆளுக்கு ஆயிரம் பனியன் என்று பெருக்கிப் பார்த்த ரத்தினமூர்த்தி, ஒரு கைமடியின் கூலி அந்த மிச்சத்தில் தூசு என்று கண்டுகொண்டார். அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவில்லை என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார்.

அடுத்த வாரமே நூல் வெட்ட ஒருத்தி வந்தாள். லேபிள் எடுத்துக் கொடுக்க ஒருத்தி, டேமேஜ் பார்க்க ஒருத்தி, அடுக்கிக் கட்ட இரண்டு பேர். நூல் தீர்ந்து நிற்கிற நேரம் வீணாகிறது என்று இரண்டாவதாக ஒரு தையல் மிஷினை நூல் கோத்துத் தயாராக வைத்திருக்க ஒருத்தி. கோகிலவாணி இதிலிருந்து அதற்கு நகர்ந்தால் போதும். அவள் நாற்காலியைத் தள்ளிவிடவும் ஓர் ஆள் இருந்தது. யாரைப் போடலாம் என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் ஜோத்ஸ்னா ஒரு பழைய பெயரைச் சொன்னாள். மாசியில் அடுத்த அளவு நாள் வந்தபோது கோகிலவாணியைச் சுற்றிப் பதினான்கு பெண்கள் நின்றார்கள். அன்று அவள் தைத்தது எண்ணூறு.

இன்பராஜ் அல்வா இல்லாமல் வந்திருந்தார். “மேடம், இது ஒரு ஆளா, கோயில் கொடைத் திருவிழாக் கூட்டமா?” என்று மெஹருன்னிசாவிடம் முறையிட்டார்.

மெஹருன்னிசா கூலி ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்துப் பொறுமையாகப் படித்தார். தையல், கைமடி, லேபிள், டேமேஜ், அடுக்கிக் கட்டுதல் எல்லாம் தனித்தனி வேலை, தனித்தனிக் கூலி. சான்றாள் சட்டத்தில் இருந்ததோ ‘தைப்பவர்’ என்ற ஒரே சொல்.

“இதை எழுதினவங்க யாரும் பனியன் கம்பெனிக்குள்ள வந்து பார்த்ததில்ல போல,” என்றார் அவர். “பனியனுக்கு ரெண்டரை ரூபாய் விழுது. மிஷினுக்கு ரெண்டே கால். கையெழுத்துப் போடுங்க சார்.”

ஒரு எந்திரத்தை ஓட்டிப் பராமரிக்க ஆயிரங்கைக்கு நாளுக்கு ஐயாயிரம் ஆகும். கைக்கு வந்ததோ அதில் பாதிக்கும் கீழே. இரண்டு மாதம் பல்லைக் கடித்துப் பார்த்தவர்கள், சித்திரையில் லாரி அனுப்பி எந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பத்து வருட ஒப்பந்தத்தை முழுதாக முறித்தால் நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்ததால், ஒப்பந்தம் உயிரோடு இருக்கட்டும் என்று ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுப் போனார்கள். அது பத்தொன்பதாம் நம்பர்.

வாடகை குறைகிற குஷியில் இப்படி ஆகும் என்பது ரத்தினமூர்த்திக்கு உறைக்கவே இல்லை. கையில் ஆர்டர் இருக்கிறது, தைக்க எந்திரம் இல்லை. வேறு வழியில்லாமல் குடோனைத் திறந்து பழைய தையல் மிஷின்களை வெளியே எடுத்துப் போட்டார். லேபிள் எடுத்துக் கொடுத்தவளும் நூல் வெட்டியவளும் உண்மையில் தையல்காரிகள்தானே? தூசி தட்டி, எண்ணெய் விட்டு, உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கும் ஆள் போயிற்று. ஒரு வாரத்தில் இருபத்தெட்டுப் பேரும் உள்ளே. பழைய இரண்டாயிரம் கூலி. ஸ்பீக்கரில் பாட்டு, மதியம் இருபத்தொன்பது போசிகளின் குழம்பு வாசனை, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்கிற பேச்சு எல்லாம் திரும்பி வந்தன. கோகிலவாணிக்கு அந்த நாட்களில் காலையில் எழுந்திருக்கும்போதே சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் அடுத்த அளவு நாளுக்கு ஒரு வாரம் முன்பு வரைக்கும் நீடித்தது. தொழிலாளர் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தக் கூடத்தில் இப்போது மனிதர்கள் இருபத்தொன்பது, எந்திரம் ஒன்று. எண்ணிக்கையில் எது குறைச்சலோ அதுவே அளவுகோல்.

அன்று சிரித்த வரி அது. ரத்தினமூர்த்தி எல்லோரையும் கூட்டிவைத்துக் கணக்குச் சொன்னார். எந்திரத்துக்கு நாளுக்கு ஆகும் செலவு ஐயாயிரம், அதை அவர் இனி அப்படியே ஆயிரங்கைக்குக் கட்டிவிட வேண்டும். எந்திரம் தைப்பது ஆயிரம். பனியனுக்கு ஐந்து ரூபாய். பெண்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூட, ஐந்தரை. இருநூறு பனியன் தைத்தால் நாளுக்கு ஆயிரத்து நூறு.

இரண்டாயிரம் ஆயிரத்து நூறாகப் போகிறது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பீஸ், மாமியாரின் மருந்து என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

“சட்டமுங்க. நான் என்ன பண்றது,” என்றார் முதலாளி. அவர் கெட்டவர் அல்ல. உண்மையிலேயே சங்கடப்பட்டார். ஆனால் சங்கடத்துக்கு மேலே ஒரு பிரகாசமும் அந்த முகத்தில் தெரிந்தது. பழைய நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்ற பிரகாசம். அது அவரைச் சும்மா இருக்க விடவில்லை. கைமடியால் இருநூறு எண்ணூறு ஆனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். எந்திரமும் துணியைத் தானே எடுத்துத் தானே மடித்து நேரத்தை வீணாக்குகிறது. அதற்கும் ஒரு கைமடி போட்டால் ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு ஆகாதா?

“பத்தொம்பதுக்கு ஒரு கைமடி ஆளு வேணும். யாரு வர்றீங்க?”

இருபத்தெட்டுத் தலைகளும் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டன. தன் கூலியைத் தானே குறைக்க யார் எழுந்திருப்பார்கள்?

கோகிலவாணி எழுந்தாள்.

“நான் போறனுங்க. மூணு வருசம் பக்கத்துல இருந்திருக்கேன். அதுன்ற பழக்கவழக்கம் எனக்குத் தெரியுமுங்க.”

ரத்தினமூர்த்திக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கடிதத்தோடு வந்திருந்த படிவத்தை அங்கேயே எடுத்து, அளவு நாளில் எந்திரத்துக்கு உதவியாள் கோகிலவாணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜோத்ஸ்னா தைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

“மறுபடியுமா அக்கா?” என்றாள்.

முதலாளி அங்கேயே நின்றதால் கோகிலவாணியால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த ஒரு வாரமும் ஜோத்ஸ்னா போசியை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் வீடு வரைக்கும் போய்ச் சொல்லலாம் என்று கோகிலவாணி இரண்டு தடவை கிளம்பினாள். இருபத்தெட்டுப் பேருக்குத் தெரிந்தால் அது டீக்கடைக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரிந்தால் முதலாளிக்குத் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டாள். பழையபடி தனியாகச் சாப்பிட்டாள்.

அளவு நாள் காலை எட்டு மணிக்கு மெஹருன்னிசா மணியை அழுத்தினார். இன்பராஜும் வந்திருந்தார். பத்தொன்பதாம் நம்பர் கடகடவென்று முதல் பனியனைத் தைத்துப் போட்டது. ரத்தினமூர்த்தி கைகளைத் தேய்த்துக்கொண்டார். கோகிலவாணி அதன் பக்கத்தில் சுழல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்து, குழந்தைச் சட்டையை மடிக்கிற மாதிரி நிதானமாக மடித்து, அதன் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்புறம் கையை எடுக்கவில்லை. ஊசியிலிருந்து சரியாக ஒரு சாண் தள்ளி, மேஜைமேல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

கடகட என்ற சத்தம் கட... கட... என்று ஆயிற்று.

“என்னாச்சு? ரிப்பேருங்களா?” என்று ரத்தினமூர்த்தி ஓடி வந்தார்.

இன்பராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ரிப்பேர்லாம் இல்ல சார். மனுசக் கை கிட்ட இருந்தா அது மெதுவாத்தான் தைக்கும். பாதுகாப்பு. அத யாராலயும் நிறுத்த முடியாது.”

“அப்ப அம்மிணிய எந்திரிக்கச் சொல்லுங்க.”

மெஹருன்னிசா படிவத்தைத் தூக்கிக் காட்டினார். அளவு நாளில் பதிவு செய்த உதவியாளை மாலை வரைக்கும் மாற்றவோ அனுப்பவோ கூடாது. கையெழுத்து முதலாளியுடையது.

ஒன்பது மணிக்கு முப்பத்தொரு பனியன். ரத்தினமூர்த்தி அங்கேயே கைபேசியில் கணக்குப் போட்டார். இப்படியே போனால் நாளுக்கு இருநூற்றைம்பது. பனியனுக்கு இருபது ரூபாய், பெண்களுக்கு இருபத்திரண்டு. அவர் கணக்கை இரண்டாவது தடவை போட்டார், அது மாறவில்லை. கோகிலவாணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தில் இருபத்தெட்டு மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எல்லாக் காதுகளும் இந்தப் பக்கம்தான்.

“கையச் சித்தத் தள்ளி வெச்சுக்க அம்மிணி. கம்பெனியும் பொழைக்கோணுமில்ல.”

“பொழைக்கோணுமுங்க,” என்றாள் கோகிலவாணி. அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். கம்பெனி இல்லாவிட்டால் இந்தப் பாட்டும் குழம்பு வாசனையும் ஏது? “எத்தன தள்ளோணுமுங்க?”

“ஒரு மொழம்?”

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். ஒரு முழம் தள்ளினால் எந்திரம் முழு வேகத்துக்கு வந்துவிடும், ஆயிரத்து நூறு கூலி. இத்தனை வருடத்தில் அவள் கூலி பேசியதே இல்லை. திரும்பி ஜோத்ஸ்னாவைப் பார்த்தாள்.

ஜோத்ஸ்னாவின் மிஷின் நின்றிருந்தது. கோகிலவாணியின் கையையும் ஊசியையும் முதலாளி உட்கார்ந்திருந்த கோலத்தையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் கண் நிறைந்து, அதோடு சிரிப்பும் வந்தது. மனக்கணக்கில் அவள் புலி. உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கட்டை விரலை மடக்கிக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

“நாலு வெரக்கடைங்க,” என்றாள் கோகிலவாணி.

“ஆறு.”

“நாலுங்க.”

ரத்தினமூர்த்தி மெஹருன்னிசாவைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். இன்பராஜைப் பார்த்தார். யாருடைய கை எங்கே இருந்தாலும் இன்பராஜுக்கு நாளுக்கு ஐயாயிரம் உண்டு, அவர் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“சரி, நாலு,” என்றார் முதலாளி.

கோகிலவாணி மேஜைமேல் விரல்களை வைத்து நாலு விரற்கடை அளந்து கையை நகர்த்தினாள். எந்திரம் அரை வேகத்துக்கு வந்து, மாலை வரைக்கும் அதே தாளத்தில் தைத்தது. அவள் அதற்கு அன்று முழுக்க ஜோத்ஸ்னாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தபோது நானூற்று எழுபது. பெண்களுக்குப் பனியன் ஒன்றுக்குப் பதினொரு ரூபாய் எழுபது காசு. நாள் கூலி இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. சட்டம் வந்த பிறகு முதல் கூலி உயர்வு அது.

ரத்தினமூர்த்தி மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய ஒன்பது ரூபாய் காலத்தைவிட லாபம் குறைவுதான், ஆனால் பையரிடம் குறைத்த இரண்டு ரூபாயையும் கூடக் கொஞ்சமும் கேட்டு வாங்கினால் பூட்டாமல் ஓட்டலாம். அவர் அப்பா காலத்தில் கூலி ஒப்பந்தம் போட மாதக் கணக்கில் பேசுவார்கள், நடுவில் நாலு நாள் வேலை நிறுத்தமும் நடக்கும். இது ஒரே காலையில் முடிந்துவிட்டது. அவர் துணியில் குறி போடுகிற சாக்கட்டியை எடுத்து, கோகிலவாணியின் கை இருந்த இடத்தில் மேஜைமேல் ஒரு கோடு கிழித்தார்.

“அடுத்த தடவையும் இதே எடம். இதுல மாத்தம் இல்ல, சொல்லிப்போட்டேன்.”

“சரிங்க,” என்றாள் கோகிலவாணி.

ஜோத்ஸ்னா தன் போசியை எடுத்துக்கொண்டு வந்து கோகிலவாணிக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டாள். மதியம் சாப்பிடாத சோறு அப்படியே இருந்தது. அதில் பாதியை மூடியில் எடுத்து வைத்து அவள் பக்கம் தள்ளினாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

“இதுகிட்ட என்னத்தப் பேசுவ அக்கா, நாள் முச்சூடும்?”

“உன்னையப் பத்தித்தான்.”

ஜோத்ஸ்னா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். முதலாளி மெஹருன்னிசாவை வழியனுப்ப வாசலுக்குத் திரும்பியதும், அவள் இடது கைக் கட்டை விரலை எச்சில் தொட்டு அந்தக் கோட்டை அழித்தாள். பிறகு சாக்கட்டியை எடுத்து, பழைய இடத்திலிருந்து ஒரு விரற்கடை ஊசிப் பக்கமாகத் தள்ளிப் புதிதாக ஒன்றைக் கிழித்துவிட்டு, மிச்சச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள்.